காது மெஷின் விசயமாக யோகனுக்கு

அன்பின் யோகன்,

இங்கு எல்லோரும் நலம். உன் வளவு மாமரமும் நலம். அதில் காய்த்த மாங்காய் எங்கே என்று மட்டும் என்னிடம் கேட்காதே, மைக் பாலன் வீட்டு ஊறுகாய்ப் போத்தல்களைக் கேள். என் திக்குவாய்க்கு ஒரு காது மெஷின் இருக்கிறது, காசு தருகிறேன், வாங்கிப் போடு என்று சித்திரையில் நீ அனுப்பிய நீளமான வாய்ஸ் மெசேஜுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். வாயாலேயே பதில் சொல்லத் தொடங்கினால் நான் முடிப்பதற்குள் ஸ்காபரோவில் பனி கொட்டத் தொடங்கிவிடும். தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் வேலையில் சேர்ந்துவிட்டாளா? சரி, விசயத்துக்கு வருகிறேன்.

கோட்டிலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. பயப்படாதே, குற்றவாளியாக இல்லை, சாட்சியாக. நிலாவெளிப் பக்கம் ஒரு காணி. கடற்கரைக்குக் கிட்ட என்பதால் ஹோட்டல்காரர்கள் வந்து விலை பேச, அதுவரை ஒரே சட்டியில் சாப்பிட்ட அண்ணனும் தம்பியும் கோட்டுக்குப் போய்விட்டார்கள். அளந்து பிளான் கீறியது நான். வழக்கமாக என் அறிக்கையோடு காரியம் முடிந்துவிடும். இந்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றியே தீருவேன் என்று நிற்கிறார்.

அங்கே முதல் கேள்வியே பெயர் என்ன என்பதாக இருக்கும். என் பட்டப்பெயரை வைத்தவனே நீ, என் பெயரின் ‘க’ எனக்கு வராது என்று உனக்குத் தெரியாததா? மற்ற எந்தச் சொல் வராவிட்டாலும் பக்கத்துச் சொல்லைப் போட்டுச் சமாளிப்பேன். ‘கிழக்கு’ வராது என்று தெரிந்தால் ‘கடல் பக்கம்’ என்பேன். கணேசனுக்குப் பக்கத்துச் சொல் கிடையாது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது நீ எனக்காகக் குரல் கொடுத்தது போல் கோட்டில் யாரும் கொடுக்க முடியாது. ஒரு காணித் துண்டின் இலக்கம், எத்தனை பேர்ச், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, இதையெல்லாம் நான் வேறு மாதிரிச் சொன்னால் பிளானே பிழை என்று அந்த வக்கீல் எழுதிவிடுவார். வாய் இடறுவதைப் பார்த்துப் பொய் சொல்கிறான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், யோகன். பொலிஸ் சோதனைச் சாவடிக் காலத்தில் இருவரும் அதைப் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அதனால்தான் உன் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ சொன்ன அந்தக் காது மெஷினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். பார்வைக்குச் செவிப்புலன் குறைந்தவர்கள் போடும் கருவி மாதிரித்தான். உள்ளே ஒரு சின்ன மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர். நாம் பேசுவதை வாங்கி, ஒரு நொடியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான நேரம் பிந்தி, சுருதியையும் கொஞ்சம் மாற்றி, நம் காதுக்கே திருப்பி விடுகிறது. பக்கத்தில் இன்னொருவர் நம்மோடு சேர்ந்து அதையே சொல்வது போல் கேட்கும். திக்குகிறவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலாக வாசித்தால் அநேகமாகத் திக்குவதில்லை. இது நெடுங்காலமாகத் தெரிந்த விசயம். கோணேசர் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து தேவாரம் பாடும்போது எனக்கு ஓர் எழுத்தும் இடறியதில்லை. இடறியது உன் சுருதிதான்.

இதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் கிழக்குக் கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஜோசப் கலினோவ்ஸ்கி என்பவருக்கே திக்குவாய் உண்டு. அதை வாசித்ததும் மெஷின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. 2001 அளவில் ஸ்பீச்ஈஸி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பிறகு ஓப்ரா வின்ஃப்ரியின் டிவி நிகழ்ச்சியில் வர, ஊரெல்லாம் பேச்சு. உன் காதுக்கு அது இப்போதுதான் எட்டியிருக்கிறது!

வாங்காமலே ஒரு வழி இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஆப் போனுக்கு வருகிறது. மகன் இறக்கித் தந்தான். வயர் உள்ள இயர்போனாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் புளூடூத் இயர்போன் தானும் ஒரு தாமதத்தைச் சேர்த்துக் கணக்கைக் குழப்பும். 60 மில்லிசெகன் தாமதம் வைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு பேப்பரை எடுத்தேன். யோகன், முதல் பக்கத்தை முழுக்க வாசித்தேன். நிற்காமல். அமைச்சர்களின் பெயர்கள், ரூபாய்க் கணக்கு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. வாசிப்பது நான்தானா என்று நிறுத்திப் பார்த்தேன். மரண அறிவித்தல்களைக்கூட விடவில்லை. சாந்தி கதவைத் தட்டி, ‘ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ’ என்றாள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. இந்தத் தாமதத்தைத் திக்காமல் பேசுகிறவர்களுக்குப் போட்டால் எதிர்மாறாக வேலை செய்யும். 1950இல் லீ என்ற அமெரிக்கர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 200 மில்லிசெகன் அளவில் தன் குரலே பிந்திக் கேட்டால் நல்ல பேச்சுக்காரனுக்கும் நாக்குச் சிக்கும். பத்திரகாளி அம்மன் திருவிழாவில் மூச்சு விடாமல் அறிவிப்புச் செய்கிற நம் மைக் பாலன் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தான். நான் வாய் திறக்கவில்லை. இயர்போனை அவன் காதில் மாட்டி, 200 வைத்து, கோயில் நோட்டீஸைக் கையில் கொடுத்தேன். ‘அம்பாள் மெய்யடியார்களே’ என்று தொடங்கினான். ‘அடியா’வில் நின்றான். மறுபடி ‘அடியாயா’ என்று இழுத்தான். முகம் சிவந்து, இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ‘என்னடா செய்தாய் எனக்கு’ என்று கத்தினான். நானும் சாந்தியும் சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும். பிறகு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, ‘உனக்கு எப்பவும் இப்படியாடா?’ என்று கேட்டான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் ‘ஓம்’ என்றேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நீ இப்போதே காசோலைப் புத்தகத்தைத் தேடுவாய். பொறு.

அடுத்த நாள் அதே இயர்போனோடு ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன், ஒரு பழைய பிளானின் பிரதி கேட்க. அந்தப் பக்கம் ‘ஹலோ, யார் பேசுறது?’ என்றார்கள். என் தொண்டை அடைத்துவிட்டது. என் திக்கல் உனக்குத் தெரியும், க-க-க என்று ஓடுகிற வகை குறைவு, சத்தமே வெளியே வராமல் பூட்டிக்கொள்கிற வகைதான் கூட. இந்தக் கருவி என்ன செய்யும் சொல் பார்ப்போம்? குரல் வந்தால்தானே அது குரலைத் திருப்பித் தரும். நான் வாயைத் திறந்தபடி நிற்க, காதுக்குள்ளும் அமைதி. இரண்டாவது ‘ஹலோ’வோடு போனை வைத்துவிட்டார்கள். இதற்கு ஒரு பரிகாரம் சொல்கிறார்கள்: ‘ம்ம்’ என்று ஒரு முனகலைப் போட்டு, அல்லது முதல் எழுத்தை மெல்ல இழுத்துக் குரலைத் தொடக்கிவிட வேண்டும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த முதல் முனகலை என்னால் வேண்டியபோது போட முடிந்தால் எனக்கு மெஷின் எதற்கு?

பிறகு கச்சான் காற்று. இப்போது ஊரில் அது வீசுகிற வீச்சு உனக்கு மறந்திருக்காது. டச்சு பே கடற்கரையில் இயர்போனோடு நடந்தேன். காற்றையும், ஓட்டோக்களையும், யாரோ துரத்திய மான்குட்டியையும் அந்த மைக் என் குரலைவிடக் கவனமாகப் பொறுக்கித் தந்தது. வெளியில் நின்று அளப்பதுதான் என் தொழில். உண்மையான மெஷின் ஆப்பைவிட நன்றாகவே செய்திருப்பார்கள், ஆனாலும் சந்தடியான இடத்தில் சிரமம் என்று போட்டிருப்பவர்களே சொல்கிறார்கள்.

ஆய்வுகளையும் பார்த்தேன். உரக்க வாசிப்பதில் நன்றாக உதவுகிறது, சாதாரணமாகப் பேசுவதில் அவ்வளவுக்கு இல்லை. 2009இல் வந்த ஓர் ஆய்வில் 11 பேருக்குப் போட்டுச் சில மாதங்கள் அன்றாட வாழ்க்கையில் பேச விட்டிருக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு விலை சில ஆயிரம் டொலர். நீ தருகிறேன் என்கிறாய். உன்னிடம் வாங்க எனக்கு வெட்கமில்லை, உன் கலியாணத்துக்கு வேட்டி வாங்கியதே நான்தான். ஆனால் ஆளுக்கேற்றபடி கம்பியூட்டரில் வைத்துத் திருத்த வேண்டிய சாமான் அது. இந்த வேர்வையிலும் உப்புக் காற்றிலும் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பேச்சுச் சிகிச்சை எடு என்று உன் அக்கா சொன்னாளாம். ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது, அங்கே படித்து வருகிற பிள்ளைகளில் தமிழில் வேலை செய்பவர்கள் குறைவு. தமிழ் எழுத்தில் திக்குகிறவனுக்குச் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ பயிற்சி எடுத்து என்ன பயன்? ஒருவர் மட்டக்களப்பில் இருக்கிறாராம், விசாரிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கோப்பிதான் விருப்பம் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. கடையில் ‘கோ’ வராது என்பதால் பள்ளிக்கூட நாளிலிருந்து தேத்தண்ணி என்றே சொல்லிக் குடித்து வருகிறேன். சாந்திக்கே போன வாரம்தான் தெரிந்தது. சர்வேயர் வேலைக்கு வந்ததும் அப்படித்தான். அளவுச் சங்கிலி பிடிக்கிற பையனுக்குக் கையைக் காட்டினால் போதும், பேச்சு வேண்டாம். அது வேண்டித் தேடிய தொழிலா, ஒதுங்கப் போய்க் கிடைத்த தொழிலா என்று இப்போது யோசிக்கிறேன். இந்த மெஷினைப் போட்டுக்கொண்டு கோட்டில் கடகடவென்று பேசிவிட்டால் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும். அடுத்த நாள் பேட்டரி இறங்கினால் மறுபடி தேத்தண்ணிக்காரனாகிவிடுவேன் என்ற பயமும் கூடவே வருகிறது. காதில் அதைப் பார்த்தவுடன் செவிடு என்று நினைத்து ஊரே என்னிடம் கத்திப் பேசும், அது வேறு.

ஆகவே என் முடிவு இது. கோட்டுக்கு மெஷின் இல்லாமல் போகிறேன். எங்கள் பக்கத்து வக்கீலிடம் சொல்லி, சாட்சிக்குத் திக்குவாய் இருக்கிறது, பதிலுக்கு நேரம் வேண்டும் என்று தொடங்குமுன்பே நீதிபதிக்கு அறிவிக்கக் கேட்டிருக்கிறேன். பெயரை அவர் கடுதாசியில் பார்த்துக்கொள்ளட்டும், இலக்கங்களை நான் பிளானைப் பார்த்து வாசிப்பேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. மகளின் சிநேகிதி அங்கே செவிப்புலன் கிளினிக்கில் வேலை செய்கிறாள் என்றாயே, அவளிடம் கேள்: குரல் பூட்டிக்கொள்கிற வகைக்கு இது உதவியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாளா? போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் காசு திருப்பித் தருவார்களா, எத்தனை நாளுக்குள்? தூர இருந்து திருத்த முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் நீ மார்கழியில் வரும்போது கொண்டு வா, நீ நிற்கிற நாட்களுக்குள் போட்டுப் பார்த்துவிடுவோம். இரண்டுக்குத்தான் வந்தால் வேண்டாம், அந்தக் காசில் கோணேசருக்கு ஒரு அபிசேகம் செய்.

விலையை மட்டும் சாந்திக்குச் சொல்லிவிடாதே. மாமரத்துக்கு வேலி அடிப்பதா இல்லையா என்பதையும் எழுது, பாலனுக்கு அடுத்த போகமும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

உன்
கணேசன்
திருகோணமலை