ஈயப் பொம்மையும் கடற்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் 'ஸ்பேஸ் மரைன்' (விண்வெளிப் படைவீரர்) பொம்மைகளைப் பிறரிடமிருந்து பழையதாக வாங்குவோர் முதலில் அவை வெளிவந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1987-இல் வந்த பிளாஸ்டிக் பெட்டியில் 30 வீரர்கள் இருந்தனர். 2017-இல் வந்த 'பிரைமாரிஸ்' என்ற புது வகை வீரர்கள் பழையவர்களைவிட உயரம். அருகருகே நிறுத்தினாலே தெரிந்துவிடும்.

சிக்கல் உலோகப் பொம்மைகளில்தான். 1990-கள்வரை வார்த்த பலவற்றில் ஈயம் உண்டு. பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரிகளிலிருந்து கசியும் அமில ஆவியும் புதுச்சேரியின் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். வாள்நுனி, துப்பாக்கிக் குழல் போன்ற மெல்லிய இடங்கள் சீக்கிரம் உதிரும். அந்தப் பொடி நஞ்சு. ஊதவோ, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவோ கூடாது. கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் அடிப்பாகம் உட்பட பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். (அடிப்பாகத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.) பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். மர அலமாரி அழகுதான், ஈயத்துக்கு ஆகாது.

2011-இல் வந்த ரெசின் (செயற்கைப் பிசின்) பொம்மைகளுக்கு ஈரம் பொருட்டல்ல, வெயில்தான் பகை. வளைந்த வாளை வெந்நீரில் சில நொடி வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் நிலைத்துவிடும்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி