வழி கேட்பதில் என்ன கூச்சம்?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். இறுதியாண்டுக்குள் வேலைத்துறையில் அனுபவமுள்ள ஒருவரை ஆளுக்கொரு வழிகாட்டியாகத் தேடிக்கொள்ளும்படி உங்கள் வேதிப் பொறியியல் துறைத்தலைவர் சொன்னதாகவும், முன்பின் தெரியாதவர் முன் போய் நிற்பது சிபாரிசுக்கு அலைவதைப் போலிருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய். தொலைபேசியில் பேசித் தீரக்கூடியதன்று என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

உன் கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊரில் ஒரு பிள்ளை படிப்பை முடித்தவுடன் "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது, சிப்காட்டில் ஒரு மேலாளர், நெய்வேலியில் ஒரு தூரத்துச் சித்தப்பா என்று ஒவ்வொரு வாசலாக அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவதை நீயும் பார்த்துத்தான் வளர்ந்தாய். அதை நீ வெறுப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சிபாரிசு கேட்பவர் இன்னொருவருடைய செல்வாக்கைத் தமக்காகச் செலவிடச் சொல்கிறார். வழி கேட்பவருக்குத் தேவை மற்றவருடைய அனுபவம் மட்டுமே. அதைச் சொல்வதால் சொல்பவருக்கு ஒன்றும் குறைவதில்லை.

நான் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தபோது, சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் பலர் என் எண்ணை எப்படியோ பெற்று எழுதுவார்கள். பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: தன்விவரக் குறிப்பு ஒன்று, அதன் கீழே "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், சார்" என்று ஒரு வரி. ஆள் எடுக்கும் அதிகாரம் என் கையில் இல்லை. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுவேன். தேவனாம்பட்டினத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும், பி.எஸ்சி. முடித்துத் தரக்கட்டுப்பாட்டில் சேருபவர் பிற்காலத்தில், உற்பத்தி முறைகளையே கண்காணிக்கும் தர உறுதிப் பிரிவுக்கு மாற முடியுமா, அதற்கு எந்தக் கருவியை இயக்கப் பழகியிருக்கவேண்டும் என்று கேட்டிருந்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. அன்றிரவே விரிவாகப் பதில் எழுதினேன். சில வாரங்கள் கழித்து, நான் சொன்ன எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) பயிற்சியில் சேர்ந்துவிட்டதாகவும், அதில் ஓரிடத்தில் ஐயம் இருப்பதாகவும் மீண்டும் எழுதினான். அதன்பிறகு எங்கேனும் காலியிடம் இருப்பதாகக் காதில் விழுந்தால், அவன் கேட்காமலே நானே தெரிவிக்கத் தொடங்கினேன். "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் கடிதத்திலேயே அப்படிக் கேட்டிருந்தால் நான் தயங்கியிருப்பேன். எவ்வளவு காலம், எவ்வளவு பொறுப்பு என்று தெரியாத ஒன்றுக்கு யார்தான் உடனே தலையாட்டுவார்கள்?

ஆகவே நீயும் சிறியதாக, பதில் சொல்லக்கூடியதாக ஒன்றைக் கேள். யாரிடம் கேட்பது என்பதற்கு முதலில் உன் கல்லூரியின் பழைய மாணவர்களைப் பார். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால், அங்கே படித்தவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். இருபது ஆண்டு மூத்தவரைவிட, படிப்பை முடித்து மூன்று நான்கு ஆண்டுகளான ஒருவர் உனக்கு முதலில் கூடுதலாகப் பயன்படுவார் என்பது என் எண்ணம். முதல் நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. 1947இல் தொடங்கப்பட்ட இந்திய வேதிப் பொறியாளர் கழகத்துக்குப் பல கல்லூரிகளில் மாணவர் கிளைகள் உண்டு. உங்கள் கல்லூரியில் இருந்தால் சேர்ந்துவிடு. சிறப்புரை ஆற்ற வருபவரிடம் உரை முடிந்ததும் ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டு, அதையே காரணமாக வைத்து மறுநாள் எழுதுவதும் நல்ல தொடக்கம்.

அதிகம் பழக்கமில்லாதவரால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதே. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்கு அருகில் ஓர் ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 17 பேருக்கு மட்டுமே அடிக்கடி பார்க்கும் ஒருவரால் அது கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்ப்பவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்த உலகம் எவ்வளவு சிறியது என்பது உனக்கே தெரியும்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: "ஐயா, நான் தாங்கள் படித்த துறையில் மூன்றாம் ஆண்டு மாணவி. தாங்கள் உற்பத்திப் பிரிவிலிருந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மாறியதை அறிந்தேன். எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. முதலில் உற்பத்தியில் சேர்வது நல்லதா, நேரே இதில் சேர்வது நல்லதா என்று தெளிவில்லை. தங்களுக்கு வசதியான நாளில் 15 நிமிடம் பேச இயலுமா?" இதற்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டு. அப்போதும் வராவிட்டால் வருத்தப்படாமல் அடுத்தவருக்கு எழுது.

பொறியியல் மேற்படிப்புக்கான 'கேட்' (GATE) தேர்வின் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது போல, தேடினால் கிடைப்பவற்றைக் கேட்டு அந்த 15 நிமிடத்தை வீணாக்காதே. அவர் ஒரு சாதாரண நாளில் என்ன செய்கிறார், எந்தப் பாடத்தை இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம் என்று நினைக்கிறார், இரவு ஷிப்டுக்கு வரும் பெண் பொறியாளர்களுக்குப் போக்குவரத்தும் பாதுகாப்பும் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்பன போன்றவற்றைக் கேள். கடைசியாகச் சொன்னதை ஒரு பெண் பொறியாளரிடமே கேட்பது நல்லது. பேசி முடித்த அன்றே நன்றி எழுது. அவர் சொன்னதில் எதைச் செய்தாய் என்பதைப் பின்னர் தவறாமல் தெரிவி. நான் பார்த்தவரையில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்பா என்பதால் இதையும் சொல்லவேண்டும். வழிகாட்டுவதற்கோ வேலைக்கோ முன்பணம் கேட்பவரிடம் அத்தோடு பேச்சை நிறுத்திவிடு. நேரில் சந்திப்பதென்றால் அலுவலகமோ கல்லூரியோ போதும்.

என் பழைய சக ஊழியர் ஒருவர் இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்து ஆலையில் இருக்கிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரியை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். உன்னைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. யாருடைய மகள் என்பதை எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். மாத இறுதியில் அவருக்குத் தணிக்கை வேலை மிகுதியாக இருக்கும். அதற்கு முன்பே எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா