எளிய கோடும் ஓவியமே

ஐயா,

ஞாயிறு இணைப்பின் காமிக்ஸ் கட்டுரை, எளிய கோட்டுச் சித்திரங்களைக் 'கிறுக்கல்' என ஒதுக்கியது சரியல்ல. 1937-இல் 'பிரின்ஸ் வேலியன்ட்' தொடரைத் தொடங்கிய ஹால் ஃபாஸ்டர், பேச்சுக் குமிழ்களே இல்லாமல் கோட்டைகளையும் போர்க்களங்களையும் நுணுக்கமாகத் தீட்டினார். 1950 முதல் 'பீநட்ஸ்' வரைந்த சார்லஸ் ஷூல்ஸுக்கோ ஒரு முகத்துக்கு இரு புள்ளிகளும் ஒரு வளைகோடும் போதுமாயிருந்தன. இரண்டுமே தேர்ந்த கைவண்ணம்தான். என் ஓவிய வகுப்பு மாணவர்கள் கோட்டையை எப்படியோ பார்த்து வரைந்துவிடுகிறார்கள். 'பீநட்ஸ்' நாயகச் சிறுவன் சார்லி பிரவுனின் உருண்டைத் தலையில்தான் திணறுகிறார்கள். கண்புள்ளி நூலளவு விலகினாலும் சோகம் முறைப்பாகிவிடுகிறது!

நுண்கோட்டுத் தொடர்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்காமல் வெளியிடுங்கள். எல்லாத் தொடர்களிலும் ஓவியரின் பெயரைக் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடுங்கள்.