முந்திரிப் பூவில் மருந்து தெளிக்கும் நேரத்தை மாற்றக் கோரி மனு

அனுப்புநர்
முந்திரி விவசாயி,
காடாம்புலியூர் பகுதி, பண்ருட்டி வட்டம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: முந்திரி பூக்கும் மாதங்களில் பூச்சிமருந்தை மாலையில் மட்டும் தெளிக்கவும், முதல் நாளே ஊருக்குத் தெரிவிக்கவும், ஏரிக்கரைப் பூச்செடிகளை விட்டுவைக்கவும் ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு இரண்டரை ஏக்கர் முந்திரி இருக்கிறது. அப்பா வைத்த மரங்கள் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் வேரோடு சாய்ந்தன. இப்போது நிற்பவை அதன் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள். பழைய மரங்களின் பொந்துகளில் அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும் குடியிருந்தன. ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே காய்த்துவிடுகிறது, அதில் பொந்து விழ எத்தனை வருடம் ஆகுமோ தெரியவில்லை. அதனால்தான் தோப்பு ஓரம் பன்னிரண்டு தேனீப் பெட்டி வைத்தேன்.

சென்ற மாசியில் ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும். பக்கத்துத் தோப்பில் பவர் ஸ்பிரேயர் ஓடும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் நான்கு வரிசை முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு என் பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் நடுங்கிக்கொண்டே ஊர்ந்தன. சில எழும்பப் பார்த்து மல்லாந்து விழுந்தன. செத்துக் கிடந்தவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நாக்கு வெளியே நீண்டிருந்தது. காலில் மகரந்தம் அப்படியே ஒட்டியிருந்தது. சாயங்காலம் முறத்தில் கூட்டி அள்ளினேன். பன்னிரண்டில் ஏழு பெட்டி போயிற்று.

பக்கத்துத் தோட்டக்காரர் மேல் நான் புகார் சொல்ல வரவில்லை. தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி இறங்கினால் பூங்கொத்து தீயில் வாட்டியது போல் கருகிவிடும். மருந்தடிக்காமல் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நானும் அடிக்கிறேன். என் கோரிக்கை மருந்தை நிறுத்துவது பற்றியது அல்ல, அடிக்கும் நேரத்தைப் பற்றியது.

முந்திரிப் பூங்கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய் பிடிக்கக்கூடிய இருபால் பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் எளிதில் பறக்காது. தேனீ, ஈ, எறும்பு என்று ஏதாவது ஒன்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலையில் பூ வெள்ளையாக விரிகிறது, நாளாக ஆக இளஞ்சிவப்பாகிவிடுகிறது. அந்த வெள்ளைப் பூவுக்குத் தேனீ வரும் நேரமும், நாங்கள் மருந்தடிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். லாம்ப்டா சைஹேலோத்ரின், இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் தேனீக்குக் கொடிய நஞ்சு. காய் பிடிக்க வைக்கும் பூச்சியைக் கொன்றுவிட்டு, காய் குறைந்துபோச்சே என்று அப்புறம் நாங்களே புலம்புகிறோம்.

காலையில் ஏன் அடிக்கிறோம் என்றால், ஆள் அப்போதுதான் கிடைக்கிறார்கள். எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கரையேறுவது கூலி வழக்கம். மாலை நாலரைக்கு மேல் வரச் சொன்னால், 'ரெண்டு வேளைக் கூலி தருவியா?' என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். தனி ஒருவனாக நான் மாற்ற முடியாத வழக்கம் இது. ஊர் முழுக்க ஒரே நேரம் என்று ஆகிவிட்டால் ஆட்களும் அதற்கு ஏற்பப் பழகிக்கொள்வார்கள். ஆகவே தை முதல் பங்குனி வரை பூச்சிமருந்தை மாலை நாலரைக்கு மேல்தான் தெளிக்க வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை வழியாக ஊர்தோறும் அறிவிக்கச் செய்ய வேண்டுகிறேன்.

யார் தோப்பில் எந்த நாள் என்பதை முதல் நாள் ஊராட்சி ஒலிபெருக்கியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ சொன்னால் போதும். பெட்டி வைத்திருப்பவர்கள் மருந்தடிக்கும் நாளில் இருட்டியதும் வாசலில் கம்பி வலையை வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, மறுநாள் காலை கொஞ்ச நேரம் வரை அடைத்து வைத்துக்கொள்வோம். வெயில் ஏறியும் அடைத்தே வைத்தால் உள்ளே புழுங்கிச் செத்துவிடும். அதனால்தான் 'இந்த வாரத்தில் ஒரு நாள்' என்று சொல்லாமல், நாளைக் குறிப்பாகச் சொல்லும்படி கேட்கிறோம்.

இன்னொரு விஷயம், இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முந்திரிப் பூ மூன்று மாதம்தான். பிறகு வேம்பு, புங்கன், புளி என்று ஆனி வரை ஓடிவிடும். அதற்கப்புறம் தேனீக்குச் சோறு போடுவது ஏரிக்கரையும் சாலையோரமும்தான்: கிணற்றடிப்பூண்டு, துத்தி, நெருஞ்சி, மழை விழுந்ததும் தும்பை. கரையோரத் தும்பையில் காலையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் எத்தனை தேனீ என்று தெரியும். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று இவற்றையெல்லாம் வழித்து எடுத்துவிடுகிறார்கள், சில இடங்களில் களைக்கொல்லியே அடிக்கிறார்கள். நடைபாதையும் மதகுப் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். மீதியைப் பூ உதிர்ந்தபின் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. மரம் நடும்போது சவுக்கையே நடாமல், கரைக்குப் பத்துப் புங்கனும் நாவலும் சேர்த்து நடச் சொல்லுங்கள். சவுக்குப் பூவில் தேன் கிடையாது.

தேனீப் பெட்டிக்குத் தோட்டக்கலைத் துறை மானியம் தருகிறது. அந்தப் பெட்டி காலியாகக் கிடந்தால் மானியத்துக்குப் பொருளில்லை. போன வருடம் இதை ஓர் அலுவலகத்தில் சொன்னபோது, 'மருந்தடிக்காதே என்று நாங்கள் எப்படிச் சொல்வது?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டது அதுவல்ல என்பதால்தான் இன்று குறைதீர் நாளில் தங்களிடம் நேரில் தருகிறேன்.

வரும் தையில் பூ எடுக்கும் முன், மார்கழிக்குள் ஆணை வந்தால் இந்தப் பருவத்துக்கே உதவும். என்னிடம் மீதி ஐந்து பெட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முந்திரி விவசாயி

இணைப்பு: இறந்த தேனீக்களின் புகைப்படங்கள் 3, பக்கத்துத் தோப்புக்காரர்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் தாள் 1.