மகளுக்கு: கடலுக்கு நாலு நாள் வை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நல்ல சுகம். மருமகனுக்கு முழங்கால் நோ குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

நேற்று நீ போனில் சொன்னதையே இரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். போனில் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன். தன்சானியாவில் காடு பார்த்து முடித்துவிட்டு, கடைசி நாலு இரவும் சான்சிபார் தீவின் கடற்கரையில் தங்குவதாகத்தானே முதலில் சொன்னாய். இப்போது செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் வடக்குப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று சான்சிபாரை ஒரே இரவாக்கிவிட்டாய். "நான் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள்தானே அப்பா" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடக்குப் பக்கம் போகாதே என்று சொல்ல மாட்டேன். ஓகஸ்டில் அங்கே வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்கள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றில் பாய்ந்து கடக்கும், ஆற்றுக்குள் முதலை காத்துக் கிடக்கும். அதைக் காண ஒரு வாய்ப்பு வந்தால் விடக்கூடாது. ஆனால் செரெங்கெட்டி மட்டும் 14,763 சதுர கிலோமீற்றர். நம்ம மட்டக்களப்பு மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. விடியமுன் எழும்பி ஜீப்பில் ஏறினால் பொழுதுபடும்வரை குலுக்கலும் புழுதியும்தான். ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் மன்யாரா ஏரியைக் குறை. யானைக்குத் தரங்கிரே பூங்கா இருக்கிறது, மற்றதெல்லாவற்றுக்கும் செரெங்கெட்டி இருக்கிறது. கடலில் கை வைக்காதே.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், நாம் குமண போன பயணத்தை நினைத்துப்பார். 2012 ஓகஸ்ட் விடுமுறை. உனக்குப் பதினைந்து வயது, தம்பிக்குப் பத்து. பொத்துவில், பாணமை தாண்டி, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கிய இடம் என்று நான் சொல்லிக்கொண்டு வர, நீ சிறுத்தை எங்கே, சிறுத்தை எங்கே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாய். யானை கண்டோம், எருமை கண்டோம், மயில் எண்ணிக்கையில்லாமல் கண்டோம். சிறுத்தை மட்டும் இல்லை. ஜீப்பில் பேசக்கூடாது என்றபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பும்போது நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாய். நான் காணாத மாதிரி இருந்தேன்.

மறுநாள் வான் கல்லடிக்குள் வந்ததும், வீட்டில் இறங்கி உடுப்பைத் தோய்த்துவிட்டுப் போவோம் என்றார் அம்மா. நிறுத்த வேண்டாம் என்று சாரதியிடம் நான்தான் சொன்னேன். வீட்டுப் படியை மிதித்தால் பயணம் அதோடு முடிந்துவிடும். அம்மா ஏறாவூர்வரை என்னோடு பேசவில்லை. நேரே பாசிக்குடா போனோம், இரண்டு இரவு நின்றோம்.

முதல் நாள் நீங்கள் எல்லோரும் நித்திரைதான். இரண்டாம் நாள் காலையில் தண்ணீருக்குள் இறங்கினோம். பாசிக்குடாக் கடல் உனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே ஏறாது, அலையும் இல்லை. அப்போதுதான் தம்பி வாய் திறந்தான். சிறுத்தையைத் தான் கண்டதாகச் சொன்னான். பற்றைக்குள் போகும்போது வாலும் பின்னங்கால்களும் தெரிந்தனவாம். கத்த நினைத்தானாம், சத்தம் வரவில்லையாம். பிறகு நீ அழுவதைப் பார்த்ததும் சொல்லப் பயந்துவிட்டானாம். நீ அவன் மேல் தண்ணீரை வாரி அடித்து, கழுத்தைக் கட்டிப்பிடித்து, வால் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் போனது என்று விடாமல் கேட்டாய். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு கதை. ஒரு யானைக்குட்டி தாயின் காலுக்குள் நுழைந்ததை அம்மா மட்டும்தான் கண்டிருக்கிறார். ஒரே ஜீப்பில் போயும் நாலு பேரும் நாலு காடு பார்த்திருக்கிறோம். மத்தியானம்வரை தண்ணீருக்குள்ளேயே நின்று பேசினோம். அன்று நேரே வீட்டுக்குப் போயிருந்தால் உடுப்பும் பள்ளிக்கூடமும் என்று ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம். அந்தச் சிறுத்தை தம்பியின் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

உங்கள் இருவருக்கும் அந்த மாதிரி ஒரு மத்தியானம் வேண்டும் மகள். லண்டனில் ஒருவர் வேலையால் வரும்போது மற்றவர் நித்திரை என்று நீதானே சொன்னாய். காட்டில் கண் நிறையும். பேச நேரம் கிடைக்காது.

சரி, சான்சிபார் விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கடல் நம்ம கடல் மாதிரி இல்லை. இங்கே வற்றுப்பெருக்கு பெரிதாகத் தெரியாது. அங்கே அமாவாசை, பூரணையை ஒட்டிய நாட்களில் மூன்று நாலு மீற்றர் ஏறி இறங்கும். நீ தந்த திகதிகளைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன், பூரணை நடுவில் வருகிறது. கிழக்குக் கரையில், பாஜே, ஜம்பியானிப் பக்கம், வற்றும்போது கடல் வெகுதூரம் போய்விடும். நீந்த நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் அங்கத்தைய பெண்கள் வெறும் மணலில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்ப்பதைக் காணலாம். நடந்து போவதென்றால் றப்பர் சப்பாத்து போடு, முள்ளுருண்டை போல ஒரு பிராணி கிடக்கும். வடக்கே நுங்வி, கெண்ட்வாவில் பெரும்பாலும் எந்த நேரமும் நீந்தலாம். நம்ம எழுவான்கரை, படுவான்கரை மாதிரித்தான்: கிழக்கில் நின்றால் கடலில் சூரியன் உதிக்கும், கெண்ட்வாவில் நின்றால் கடலில் விழும். நான் கடலில் சூரியன் விழுந்து கண்டதில்லை, நமக்கு அது வாவியோடு சரி. அதனால் கெண்ட்வா என்றால் எனக்குச் சந்தோசம். சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனுக்கு ஒரு அரை நாள் ஒதுக்கு. அடிமைகளை விற்ற சந்தை அங்கேதான் இருந்தது, 1873இல் மூடினார்கள். அங்கே அநேகர் முஸ்லிம் மக்கள். காத்தான்குடிக் கடைத்தெருவுக்கு எப்படி உடுத்துப் போவாயோ அப்படிப் போ.

மலேரியாக் குளிசை விசயத்தில் மட்டும் அப்பா சொல்வதைக் கட்டாயம் கேள். முப்பது வருடம் படுவான்கரையிலும் வாகரையிலும் வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரரின் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்தவன் நான். 2016 செப்டெம்பரில் நம்ம நாட்டை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அன்று நான் அழுதது உனக்கு நினைவிருக்கும். தன்சானியாவில் அது இன்னும் இருக்கிறது. சான்சிபாரில் குறைவு, ஆனாலும் இருக்கிறது. காடு முடிந்து கடற்கரைக்கு வந்துவிட்டோம் என்று குளிசையை நிறுத்திவிடாதே. சில குளிசைகளை ஊர் திரும்பிய பிறகும் ஏழு நாள் போட வேண்டும், சிலதை நாலு வாரம். எது உங்களுக்குச் சரி என்று டொக்டரிடம் கேள். காட்டுக்குள் நீலம், கறுப்பு உடுப்பு வேண்டாம், ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். செரெங்கெட்டியிலிருந்து தீவுக்குப் போகும் சின்ன விமானங்களில் வழமையாக 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பை. பிளாஸ்ரிக் சொப்பிங் பேக் ஒன்றும் கொண்டு போகாதே, 2019 ஜூனிலிருந்து அங்கே தடை.

கெண்ட்வாவில் பொழுதுபடும்போது எங்களுக்கு வீடியோ கோல் எடு. அங்கே ஆறரை என்றால் இங்கே ஒன்பது மணி. அம்மா எட்டரைக்கே படுத்துவிடுகிறவர், ஆனாலும் அந்த நாலு நாளும் முழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா