சனிக்கிழமை வகுப்பு: பெற்றோரின் கவனத்துக்கு

வணக்கம். உவர்மலை, உப்புவெளிப் பக்கத்துப் பெற்றோரே, தரம் 10, 11 பிள்ளைகளுக்கான பாலியல் சுகாதார வகுப்பு இந்தச் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு, வழமையான மண்டபத்தில். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனியாக இருப்பார்கள்.

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் சொல்லாவிட்டால் போன் சொல்லும், அவ்வளவுதான். உறவுக்கு அவசரம் வேண்டாம், காத்திரு என்பதுதான் முதல் பாடம். ஆனால் காரணம் சொல்லாமல் 'கூடாது' என்றால் பதினைந்து வயது கேட்குமா? கிளமீடியா என்ற பாலியல் நோய் பலருக்கு அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் பின்னாளில் பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். சிபிலிஸ் என்ற இன்னொரு பாலியல் நோயை மருந்தால் குணமாக்கலாம். எச்.ஐ.வி.யை மாத்திரையால் கட்டுப்படுத்தத்தான் முடியும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாக இல்லாமல் செய்யாது. அதையும் மறைக்கப் போவதில்லை.

தரம் 6 மகள் இருந்தால், 2017 முதல் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு முறையும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஊசி அது.

அப்புறம், அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது.

பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குத் தனியாக எழுதுங்கள். குழுவில் வேண்டாம், பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.