ஹைலக்ஸ் எல்.என்.106 ஹேண்ட் பிரேக்: இரண்டு பெட்டியிலும் ஒரே கேபிள்

நுவரெலியா.

பொறுப்பாளர்,
வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பொருள்: பின் ஹேண்ட் பிரேக் கேபிள்கள் மாறி வந்தமை, திரும்ப எடுக்க மறுத்தமை

உங்கள் நிறுவனத்திடம் டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 பிக்கப்புக்கு மூன்று ஹேண்ட் பிரேக் கேபிள்கள் வாங்கினோம். முன் கேபிள் ஒன்று, பின்பக்க இடது, வலது கேபிள்கள் இரண்டு. ஓடர் கொடுக்கும்போதே செசித் தகட்டின் படம், பழைய கேபிள்களின் படம், அளவுகள் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தோம். முன் கேபிள் சரியாக வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின் கேபிள்கள் இரண்டுமே பிழை.

ஒரு பெட்டியின் ஒட்டுச்சீட்டில் 46420 என்று தொடங்கும் இலக்கம், மற்றதில் 46430. டொயோட்டா இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் அது என்ன பாகம் என்பதையும், அடுத்த ஐந்தும் எந்த வாகனத்துக்குரியது என்பதையும் சொல்லும். 46420 இரண்டாம் கேபிள், 46430 மூன்றாம் கேபிள். ஆகவே ஒட்டுச்சீட்டுகளில் பிழையில்லை. உள்ளே இருந்தவற்றை நிலத்தில் அருகருகே நீட்டி வைத்துப் பார்த்தோம். நீளம், தாங்கி பூட்டும் இடம், முனை மூன்றிலும் இம்மியும் வித்தியாசமில்லை. ஒரே கேபிளை இரண்டு பெட்டியில் போட்டு இரண்டு இலக்கம் ஒட்டியிருக்கிறீர்கள். இந்த வாகனத்தில் இடதும் வலதும் ஒரே நீளமல்ல. முன் கேபிள் வந்து சேரும் நடுலீவர் செசியின் நட்ட நடுவில் இல்லாததால் ஒன்று நீளமாகவும் மற்றது கட்டையாகவும் இருக்கும். நீங்கள் அனுப்பியது நீளமான பக்கத்துக்கு 145 மி.மீ. போதவில்லை.

முனையும் வேறு. எல்.என்.106 நான்கு சில்லும் இழுக்கும் வண்டி, பின் டிரம் 295 மி.மீ. அதில் கேபிள் டிரம்முக்குள் போவதில்லை. டிரம்மின் பின்பக்கத்தை மூடி நிற்கும் தகடான பேக் பிளேட்டின் வெளிப்புறத்தில் பெல் கிராங்க் என்ற வளைந்த சிறு லீவர் உண்டு. கேபிள் முனையில் உள்ள கவையை (இரு கிளையாகப் பிரிந்த முனை) அதில் போட்டு ஊசி செருகிப் பூட்ட வேண்டும். பெல் கிராங்க்தான் உள்ளே இருக்கும் லீவரைத் தள்ளும். உங்கள் கேபிளின் முனையில் கவை இல்லை, உருண்டைக் குமிழ் இருக்கிறது. பேக் பிளேட்டைத் துளைத்து உள்ளே போய் லீவரில் நேராக மாட்டும் வகைக் கேபிள் அது. ஆக, பக்கம் மட்டுமல்ல, வகையே மாறிவிட்டது.

தொலைபேசியில் உங்கள் விற்பனைப் பிரிவு மூன்று பதில் தந்தது.

முதலாவது, நடுலீவரின் நட்டைக் கடைசி வரை தளர்த்தி, முனைக்கு ஒரு கவையை வெல்ட் பண்ணிப் பூட்டச் சொன்னது. இதைக் கேட்டுச் செய்பவர் உயிரோடு விளையாடுகிறார். கேபிள் கட்டையாக இருந்தால் பெல் கிராங்க் தன் நிறுத்த போல்ட்டு வரை திரும்பி வராது. அது திரும்பாவிட்டால் பிரேக் ஷூ சற்று விரிந்தபடியே நின்று டிரம்மில் உரசும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றி இறங்கும் வண்டியில், இறக்கம் முடியும் முன்பே டிரம் கொதித்துவிடும். கொதித்த டிரம்மில் லைனர் வழுக்கும், வீல் சிலிண்டரின் ரப்பர் கருகும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. இந்த வாகனத்தில் பின் ஷூக்கள் தேயத் தேயத் தாமாகச் சரிசெய்துகொள்வது ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடும்போதுதான். லீவர் முழுதாகத் திரும்பி வந்தால்தான் சரிசெய்யும் பல்சக்கரத்தில் அடுத்த பல் பிடிபடும். பெல் கிராங்க் பாதியில் நின்றால் அந்த வேலை நடக்காது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும், கால் பிரேக் பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஓட்டுநர் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்து அதை மாற்றுவார், குறை அப்படியே இருக்கும். பிழையான ஹேண்ட் பிரேக் கேபிள் கால் பிரேக்கையே கெடுக்கும் என்பதை உங்கள் விற்பனைப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியை ஜாக்கில் தூக்கியும் பார்த்தோம். நீளம் மட்டும் தெரிவதற்காகக் கேபிளை அதன் தாங்கிகளில் பூட்டி, ஜாக்கை அச்சுக்குக் கொடுக்காமல் செசிக்குக் கொடுத்துத் தூக்கினால், பட்டை ஸ்பிரிங் தளர்ந்து அச்சு கீழே தொங்கும். கேபிள் கம்பி போல விறைத்து நின்றது. பள்ளத்தில் சில்லு இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் தானாகப் பிடிக்கும் என்று அர்த்தம். கேபிளைப் பூட்டிப் பார்க்கும் எவரும் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது பதில், “உங்கள் பெல் கிராங்க் இறுகியிருக்கும்” என்பது. பழைய ஹைலக்ஸில் அது உண்மையில் அடிக்கடி வரும் குறைதான். ரப்பர் உறை கிழிந்து சேறும் தண்ணீரும் புகுந்து ஊசி துருப்பிடித்துவிடும். அதனால்தான் கேபிள் வாங்கும் முன்பே இரு பெல் கிராங்க்குகளையும் கழற்றி, ஊசியையும் துளையையும் தேய்த்துத் துப்புரவாக்கி, கிரீஸ் பூசி, புது ரப்பர் உறை போட்டோம். விரலால் தள்ளினாலே அசைகிறது. முதலில் ஷூக்களைச் சரிசெய்தோம். பிறகு பெல் கிராங்க்கை மெதுவாக இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டு, நிறுத்த போல்ட்டின் இடைவெளியை 0.4 முதல் 0.8 மி.மீ.க்குள் வைத்தோம். கேபிளைத் தொடுவது இவை முடிந்த பிறகுதான். அந்த ஒழுங்கை நாங்கள் மீறவில்லை.

மூன்றாவது பதில், “பூட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” கவையே இல்லாத கேபிளை பெல் கிராங்க்கில் எப்படிப் பூட்டுவது? தாங்கியில் வைத்து நீளம் பார்த்ததோடு சரி. உள்கம்பியில் ஓர் இழைகூட மடியவில்லை, கிரீஸ் படவில்லை, பெட்டியும் ஒட்டுச்சீட்டும் அப்படியே இருக்கின்றன.

பிழையின் வேர் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதில் “ஹைலக்ஸ் 1988–1997, எல்லா மொடலுக்கும்” என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையில் இரு சில்லு இழுப்பும் நான்கு சில்லு இழுப்பும் உண்டு, 254 மி.மீ. டிரம்மும் 295 மி.மீ. டிரம்மும் உண்டு. சில்லு இடைத்தூரமும் ஒன்றல்ல, சிங்கிள் கெப் வேறு, டபுள் கெப் வேறு. ஜப்பான் சந்தைக்கென்று செய்து ரீகண்டிஷனாக வந்த வண்டிக்கும் ஏனைய நாடுகளுக்கென்று செய்த வண்டிக்கும் பாக இலக்கம் மாறலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பின் கேபிள் கிடையாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். செசித் தகட்டின் மொடல் குறியீட்டையும் உற்பத்தி மாதத்தையும் கேட்காமல் கேபிள் விற்காதீர்கள்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். சரியான இடது, வலது கேபிள்களை உங்கள் செலவில் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் அளவு நாடாவோடு வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். உறையின் ஒரு முனைத் தொப்பியிலிருந்து மறு தொப்பி வரையான நீளம், ஒரு பக்கம் முழுதாக இழுத்த நிலையில் மறுபக்கம் வெளியே நிற்கும் உள்கம்பியின் நீளம், தாங்கி பூட்டும் இடம், கவையின் ஊசித் துளை விட்டம் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். எங்கள் பழைய கேபிளின் அளவுகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கையிருப்பில் இல்லையென்றால் மழுப்பாமல் சொல்லி, கூரியர் செலவோடு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கேபிளாவது பார்த்து எடுப்போம், அல்லது முனைகளை அச்சில் அழுத்திப் பூட்டித் தரும் இடத்தில் புதிதாகச் செய்விப்போம். கிளிப் போட்டு ஒட்டுப்போட்ட கேபிள் மட்டும் எங்களுக்கு வேண்டாம்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் முறையிடுவோம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம்.

பற்றுச்சீட்டின் பிரதியும், இரு கேபிள்களையும் அருகருகே வைத்தெடுத்த படங்களும், ஒட்டுச்சீட்டுகளின் படங்களும் இத்துடன் உள்ளன. கேபிள்கள் பெட்டியோடு எங்கள் கராஜில் இருக்கின்றன, உங்கள் ஆள் வந்தால் கையளிப்போம். அதுவரை இந்த வண்டி சரிவில் நிற்கும்போதெல்லாம் சில்லுக்குக் கட்டை வைத்து, கியரிலும் போட்டே நிற்கிறது. சுமையோடு அதை எங்கும் நிறுத்த வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
கராஜ் பொறுப்பாளர்
(வாகன உரிமையாளர் சார்பில்)